பழைய மரச்சாமான்களுக்குப் புதுத் துணி: வீட்டுத் தையலில் எதைச் செய்யலாம், எப்படிச் செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் கையாக வாங்கிய தேக்கு சோபா, தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலி, வீடு மாற்றிய உறவினர் கொடுத்துச் சென்ற திவான் போன்றவற்றில் பெரும்பாலும் மரம் நன்றாகவே இருக்கும்; துணியும் பஞ்சும்தான் கெட்டுப்போயிருக்கும். அந்தப் பகுதியைச் சாதாரணத் தையல் இயந்திரத்தைக் கொண்டு வீட்டிலேயே சரிசெய்ய விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எல்லா விடைகளுக்கும் அடிப்படை ஒன்றே: நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் புழுதியிலும் கிடக்கப்போகும் உறை எதுவானாலும், அது கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

பழைய சாமானை வாங்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்?

துணியைப் பார்க்க வேண்டியதில்லை. அது எப்படியும் போகப்போவது. மரத்தைப் பாருங்கள். நாற்காலியாக இருந்தால் முதுகுப் பலகையின் ஒரு மூலையையும் அதற்கு எதிர்மூலையில் உள்ள காலையும் பிடித்து அசைத்துப் பார்த்தால், மூட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்பது கைக்கே தெரிந்துவிடும். தளர்ந்த மூட்டைத் தச்சர் சரிசெய்துவிடுவார் என்பதால் அதை ஒரு பெரிய குறையாகக் கொள்ள வேண்டாம். ஆனால் குண்டூசித் தலை அளவில் துளைகள் இருந்து, தட்டினால் மாவு போன்ற தூள் உதிர்ந்தால், மரம் உள்ளே உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கால்களின் அடியில் மண் பூச்சு ஒட்டியிருந்தால் அது கரையான். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ளவை போன்ற பழம்பொருள் கடைகளுக்குச் செல்வோர் அளவு நாடாவைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். பழைய தச்சர்கள் இருக்கையின் முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட ஓரிரு அங்குலம் அகலமாக வைத்து இழைத்திருப்பது உண்டு. அது சதுரம் என்று எண்ணிக்கொண்டு ஸ்பாஞ்ச் வாங்கினால் பின்மூலைகளில் பிதுங்கி நிற்கும். ஆகவே இருக்கையின் நான்கு பக்கங்களையும் இரு மூலைவிட்டங்களையும் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

மூட்டைப்பூச்சி இருக்குமோ என்ற அச்சம் உள்ளது. என்ன செய்வது?

நியாயமான அச்சம்தான். மூட்டைப்பூச்சி இரத்தம் கிடைக்காமலே பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியது. ஆகவே நெடுநாள் பூட்டிக் கிடந்த சாமான் என்பதால் பூச்சி இருக்காது என்று நம்ப முடியாது. உறையின் தையல் மடிப்பு, ஜிப்பின் ஓரம், மரத்தின் மூட்டு இடுக்கு, திருகாணிக் குழி ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். பேனா மையைத் தொட்டு வைத்ததுபோன்ற கரும்புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால் அது அவற்றின் எச்சம். மரத்துக்குள்ளேயே குடியேறிவிட்ட சாமானை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சந்தேகம் மட்டும் இருந்தால் பழைய பஞ்சையும் தென்னைநார்த் திண்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, வைத்துக்கொள்ள வேண்டிய துணியை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைக்கலாம்; அந்தச் சூட்டில் பூச்சியும் முட்டையும் சாகும். தடித்த மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போடுவது மட்டும் போதாது. மேற்புறம் சுடும்போது பூச்சிகள் அடிப்புறத்துக்கு நகர்ந்துவிடும்.

வீட்டில் உள்ள சாதாரணத் தையல் இயந்திரம் தடித்த துணியைத் தாங்குமா?

தாங்கும். இன்னும் சொல்லப்போனால், நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய இரும்புக் கால்மிதி இயந்திரம், எடை குறைந்த புதிய மின் இயந்திரங்கள் பலவற்றைவிட இந்த வேலைக்கு ஏற்றது. மாற்ற வேண்டியவை மூன்று: ஊசி, நூல், தையலின் நீளம். ரவிக்கைக்குப் பயன்படும் மெல்லிய ஊசியைக் கழற்றிவிட்டு, சோபாத் துணிக்கு 16 ஆம் எண் ஊசியும், கேன்வாஸுக்கு 18 ஆம் எண் ஊசியும் போட வேண்டும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் வியர்வையும் ஈரமும் பட்டுப்பட்டு, துணி நன்றாக இருக்கும்போதே இற்றுவிடும். தையல் ஒவ்வொன்றும் 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். நெருக்கமாகத் தைத்தால் உறுதி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். தடித்த துணியில் நெருக்கமான தையல் வரிசையாகத் துளையிட்டது போலாகி, இழுவை வரும்போது அந்தக் கோட்டிலேயே துணி கிழியும்.

மூலைகளில் நான்கைந்து மடிப்புகள் ஒன்றுசேரும் இடத்தில் மிதிப்பதையோ மோட்டாரையோ நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றித் தையல் தையலாகக் கடந்து செல்லுங்கள். அந்த மடிப்பை ஒரு பலகைமேல் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிச் சப்பையாக்கிக்கொண்டால் ஊசி உடைவது பெரிதும் குறையும்.

எந்தத் துணி ஏற்றது?

இருக்கைக்குத் தடித்த பருத்தித் துணிதான் என் பரிந்துரை. பாலியெஸ்டர் வெல்வெட் கடையில் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும். ஆனால் அது உடல் சூட்டை வெளியே விடாது, புழுதியை வாங்கி வைத்துக்கொள்ளும். ரெக்சின் துடைக்க எளிது என்றாலும் மே மாதத்தில் முதுகில் ஒட்டிக்கொள்ளும். மலிவான ரகம் சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரிந்து, தைத்த உழைப்பையெல்லாம் வீணாக்கிவிடும்.

தமிழ்நாட்டில் இந்தத் தேவைக்குப் பொருத்தமான துணியைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கரூர் வீட்டுப் பயன்பாட்டுத் துணிகளுக்கும், ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை கைத்தறிப் போர்வைகளுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் பெயர் பெற்ற ஊர்கள். 1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் தடித்த விரிப்புகள் கிடைக்கின்றன. சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் பாந்தியன் சாலைக் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சிய திரைச்சீலை, சோபாத் துணிகளைப் புரட்டிப் பார்த்து வாங்கலாம். 90க்கு 100 அங்குலம் அளவுள்ள இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றிலிருந்து, 22 அங்குலச் சதுர இருக்கைகள் நான்குக்கு உறை வெட்டலாம். சோபாத் துணியை மீட்டர் கணக்கில் வாங்குவதோடு இந்தச் செலவை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பவானி ஜமுக்காளத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற அந்தத் துணியின் அகலமான வண்ணப் பட்டைகள் மர இருக்கைமேல் மிக அழகாக அமையும், உழைப்பும் அதிகம். ஆனால் மூன்று மடிப்பாக மடித்தால் வீட்டு இயந்திரத்தின் அழுத்துக்காலுக்கு (ஊசியருகே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) அடியில் நுழையாத அளவுக்குத் தடிப்பு ஏறிவிடும். ஆகவே அதைத் திண்டு உறையாகத் தைப்பதைவிட, வெட்டிய ஓரங்களுக்குப் பருத்தி நாடா வைத்துத் தைத்து, பெஞ்சின்மேலும் திவான்மேலும் விரிக்கும் விரிப்பாகப் பயன்படுத்துவது மேல்.

கடையிலேயே மூன்று சோதனைகளைச் செய்துவிடலாம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இழைகளுக்கு இடையே கண்கண்ணாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குறுக்காக இழுத்து விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஓர் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் ஏறும் சாயம் நாளை விருந்தினரின் வேட்டியிலும் ஏறும். முதல் முறை தைப்பவர்கள் பெரிய பூ வேலைப்பாட்டையும் பெரிய கட்டத்தையும் தவிர்த்துவிடலாம். அவற்றை எல்லா இருக்கைகளிலும் ஒரே இடத்தில் வருமாறு பொருத்துவதில் துணி நிறைய வீணாகும்.

வெட்டுவதற்கு முன் துணியை நனைக்க வேண்டுமா?

கட்டாயம் நனைக்க வேண்டும். ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிட்டுப் பிறகு வெட்டுங்கள். கைத்தறிப் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். நனைக்காமல் தைத்த உறையைத் துவைத்த பின் ஸ்பாஞ்சில் ஏற்ற முயன்றால் முதலில் பிளப்பது ஜிப்தான்.

பழைய ஸ்பாஞ்சை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

உள்ளங்கையால் நன்றாக அழுத்திவிட்டு எடுங்கள். உடனே எழும்பினால் வைத்துக்கொள்ளலாம். குழி நின்றாலோ, மஞ்சளாகித் துகள் துகளாக உதிர்ந்தாலோ மாற்ற வேண்டும். புதிதாக வாங்கும்போது தடிமனை மட்டும் கேட்காமல் டென்சிட்டியையும் கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்ச் எத்தனை கிலோ எடை இருக்கும் என்பதையே அந்த எண் குறிக்கிறது. நாள்தோறும் உட்காரும் இருக்கைக்கு 40 டென்சிட்டியில் 4 அங்குலத் தடிமன் போதும். முதுகுத் திண்டுக்கு அதைவிட இளகியதே சுகம்.

முதுகுத் திண்டுக்கும் தலையணைக்கும் இலவம் பஞ்சு இன்றைக்கும் நல்ல தேர்வு. அதன் இழை வழுவழுப்பானது என்பதால் தளர்ந்த நெசவில் அடைத்தால் வெளியே கசிந்துகொண்டே இருக்கும்; நெருக்கமாக நெய்த மெத்தைத் துணியில் உள்ளுறை ஒன்றைத் தைத்து, அதன் வாயைக் கையால் நெருக்கமாகத் தைத்து மூடிவிட்டு, மேலுறையைத் தனியாகப் போடுங்கள். இலவம் பஞ்சும் ஸ்பாஞ்சும் எளிதில் தீப்பற்றுபவை. குத்துவிளக்குக்கும் ஊதுபத்திக்கும் அருகில் இந்த இருக்கைகளை வைக்கக் கூடாது.

பெட்டி வடிவத் திண்டுக்கு உறை வெட்டும் கணக்கைச் சொல்ல முடியுமா?

22 அங்குலச் சதுரமும் 4 அங்குல உயரமும் கொண்ட திண்டை எடுத்துக்கொள்வோம். தையலுக்காக எல்லாப் பக்கமும் அரை அங்குலம் விட வேண்டும். மேல்துணியும் கீழ்துணியும் 23 அங்குலச் சதுரமாக இரண்டு துண்டுகள். சுற்றுப்பட்டையின் மொத்த நீளம் நான்கு பக்கங்களையும் கூட்டினால் 88 அங்குலம். இதில் ஜிப் வரும் பின்பகுதி 28 அங்குலம். அதாவது பின்பக்கத்தின் 22 அங்குலத்தோடு இரு மூலைகளையும் தாண்டி மும்மூன்று அங்குலம். மீதிப் பட்டை 60 அங்குலம். தையலுக்கு விட்டு 61 அங்குல நீளம், 5 அங்குல அகலத்தில் வெட்டுங்கள். ஜிப் பகுதிக்கு 29 அங்குல நீளம், 3 அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள் வேண்டும். 54 அங்குல அகலமுள்ள துணியில், நீளப் பட்டையில் மட்டும் ஓர் ஒட்டுப் போட்டுக்கொண்டால், இவையெல்லாம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஜிப் வேலையை முதலில் முடித்துவிட வேண்டும். இரு மூன்றங்குலப் பட்டைகளையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, அரை அங்குலம் உள்ளே நீளவாக்கில் பெரிய தையலாகத் தைத்து, மடிப்பை இரு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். ஜிப்பின் முகம் அந்தத் தையல் கோட்டைப் பார்த்திருக்குமாறு உட்பக்கத்தில் வைத்து, இரு ஓரங்களையும் தைத்துவிட்டு, பிறகு மேல்பக்கத்திலிருந்து அந்தப் பெரிய தையலைப் பிரித்தெடுத்தால், துணிக்கு அடியில் ஜிப் மறைந்து நிற்கும். ரோலாக விற்கும் 5 ஆம் எண் ஜிப்பைத் தேவையான நீளத்துக்கு வாங்கி, ரன்னரைத் தனியாகக் கோத்துக்கொள்ளலாம்.

இந்தப் பகுதியை மீதிப் பட்டையோடு இணைத்து வளையமாக்கிய பிறகு மேல்துணியோடு சேருங்கள். மூலைக்கு வரும்போது ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, அழுத்துக்காலைத் தூக்கி, சுற்றுப்பட்டையின் ஓரத்தில் மட்டும் தையல் கோட்டைத் தொடாமல் ஒரு வெட்டு கொடுத்துத் திருப்புங்கள். அந்த ஒரு வெட்டைக் கொடுக்காததால்தான் பலருடைய மூலைகள் சுருக்கம் விழுந்து நிற்கின்றன. கீழ்துணியைச் சேர்க்கும் முன் ஜிப்பைப் பாதியாவது திறந்து வைக்க மறக்க வேண்டாம்; மூடிய நிலையில் தைத்துவிட்டால் உறையை வெளிப்பக்கம் திருப்ப வழி இருக்காது.

ஜிப் தைக்க வரவில்லை. மாற்று வழி உண்டா?

உண்டு. தலையணை உறைபோல, பின்பக்கத் துணியை இரண்டாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று 5 அங்குலம் ஏறி நிற்குமாறு தைக்கலாம். முதுகுத் திண்டுக்கு இது போதும். உட்காரும் திண்டில் மடிப்பு நகர்ந்து வாய் திறந்துவிடுவதால், மூன்று இடங்களில் முடிச்சு நாடா வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்வு நாற்காலிக்குத் துணி தைப்பது எப்படி?

இந்தப் பட்டியலில் எளிய தையலும் அதிகக் கவனமும் வேண்டிய வேலை இதுதான். நேர்க்கோட்டுத் தையல்தான், ஆனால் ஒரு மனிதரின் முழு எடையும் அந்தத் தையலில் தொங்குகிறது.

கேன்வாஸ் துணியை நீளவாக்கு இழை நாற்காலியின் நீளத்தில் வருமாறு வெட்ட வேண்டும். அகலம், சட்டத்தின் உள் அகலத்தைவிட முக்கால் அங்குலம் குறைவாக இருந்தால் மரத்தில் உரசாது. இரு ஓரங்களையும் இரண்டு முறை மடித்துத் தையுங்கள். மேலும் கீழும் கட்டை நுழையும் குழல்தான் முக்கியமான இடம். கட்டையின் சுற்றளவை நூலால் அளந்து, அதோடு ஓர் அங்குலம் கூட்டினால் குழலின் உள்சுற்றளவு கிடைக்கும். துணியின் முனையை முதலில் முக்கால் அங்குலம் உள்மடித்து, குழலாகத் திருப்பி, கால் அங்குல இடைவெளியில் மூன்று வரிசை தையுங்கள். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னுமாக ஓர் அங்குலம் ஓட்டி நிறுத்துங்கள். நூல் பிரியத் தொடங்குவது எப்போதும் ஓரத்திலிருந்துதான்.

பழைய துணி இருந்தால், அது எவ்வளவு கிழிந்திருந்தாலும், அதை அளந்து நீளம் எடுக்கலாம். ஆனால் பல ஆண்டுகள் உட்கார்ந்து இளகிய துணி என்பதால் அந்த அளவில் ஓரிரு அங்குலம் குறைத்துக்கொள்ள வேண்டும். பழைய துணியே இல்லையென்றால், நாற்காலியை விரித்து வைத்து, மேல்கட்டைக்கும் கீழ்க்கட்டைக்கும் இடையே ஒரு கயிற்றைத் தொய்வாகக் கட்டி, உட்காரும் பள்ளம் எங்கே வர வேண்டுமோ அங்கே தொங்கவிட்டு நீளத்தை அளந்து, அதிலும் அதேபோல் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்துக்கும் கீழே உள்ள குறுக்குச் சட்டத்துக்கும் இடையே குறைந்தது ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். தைத்து முடித்ததும் முதியவரை உட்கார வைக்காமல், மணல் மூட்டையோ அரிசி மூட்டையோ ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்து, தையல் வரிசைகளில் நூல் பிதுங்குகிறதா என்று சோதித்துவிடுங்கள். மாற்றுத் துணி ஒன்றும் தைத்து வைத்தால், ஒன்று கொடியில் காயும்போது இன்னொன்றில் சாய்ந்திருக்கலாம்.

சாப்பாட்டு மேசை நாற்காலியின் இருக்கைக்கும் தையல் தேவையா?

மிகச் சிறிதே தேவை. பெரும்பாலும் அடியில் நான்கு திருகாணிகளைக் கழற்றினால் இருக்கைப் பலகை தனியே வந்துவிடும். பழைய துணியைப் பிய்க்காமல் ஆணிகளை நிமிண்டி எடுத்தால் அதையே அளவுத் துணியாக வைத்துப் புதியதை வெட்டலாம். துணியைப் பலகையின் அடிப்பக்கம் இழுத்து, முதலில் நான்கு பக்கங்களின் நடுவிலும் ஒவ்வோர் ஆணி அடித்து, அங்கிருந்து மூலைகளை நோக்கிச் சென்று, மூலை மடிப்பைக் கடைசியில் முடியுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் சாம்பாரும் ரசமும் சிந்தாமல் இருக்காது. ஆகவே இதற்குமேல், ஓரத்தில் எலாஸ்டிக் கோத்த மெல்லிய உறை ஒன்றையும் தைத்துவிடுவது நல்லது.

ஊஞ்சல் பலகைக்கும் திவானுக்கும் நீண்ட மெத்தை தைக்கும்போது உள்ளே பஞ்சு ஒதுங்கிவிடுகிறதே?

இடையிடையே கட்டுத் தையல் போடாததுதான் காரணம். அரை அடிக்கு ஒரு புள்ளி குறித்து, கோணி ஊசியில் இரட்டை நூல் கோத்து, மெத்தையின் இரு பக்கமும் சென்று வருமாறு குத்தி முடிச்சிடுங்கள். முடிச்சுக்கு அடியில் ஒரு சிறு துணிவட்டமோ பொத்தானோ வைத்தால் நூல் துணியை அறுக்காது. ஊஞ்சலுக்கான மெத்தையில் நான்கு சங்கிலிகளின் இடத்திலும் வெட்டு விட்டு, அந்த வெட்டின் ஓரத்தை நாடாவால் மூடித் தைத்து, பலகையின் அடியில் கட்டுவதற்கு நாடாக்களும் வைக்க வேண்டும். கட்டாத மெத்தை ஆடும் ஊஞ்சலில் வழுக்கி ஆளைத் தள்ளிவிடும்.

பழைய சேலைகளைப் பயன்படுத்தலாமா?

முதுகுத் திண்டுக்கும் அலங்காரத் தலையணைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். தினமும் உட்காரும் இருக்கைக்கு வேண்டாம். 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் தடித்த பருத்தியும் கட்டங்களும் செட்டிநாட்டுத் தேக்குச் சாமானோடு நன்றாகப் பொருந்தும். சுங்குடி மெல்லியது என்பதால் அடியில் காடாத் துணி வைத்துத் தைக்க வேண்டும். எந்தச் சேலையானாலும் பல ஆண்டு மடித்து வைத்த மடிப்புக் கோடுகளிலும், ஃபால்ஸ் தைத்த கீழ்ப்பகுதியிலும் இற்றிருக்கும்; அந்த இடங்களை இரு கையாலும் இழுத்துப் பார்த்துத் தவிர்த்துவிட்டு வெட்டுங்கள். பழம் பட்டில் சரிகைக் கரையை முழுதாக வைத்துக்கொண்டு, உடல் பகுதியை மட்டும் பயன்படுத்துவதே நல்லது. சரிகையை வெட்டினால் இழை பிரிந்துகொண்டே போகும். இன்னும் உடுத்தக்கூடிய நிலையில் உள்ள பட்டுச்சேலையை இதற்காக வெட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

முழுவதும் துணி மூடிய பெரிய சோபாவையும் வீட்டில் மாற்றித் தைக்கலாமா?

ஸ்பிரிங்கும் நாடாக்களும் கொண்டு கட்டிய சோபாவைப் பிரித்துக் கட்டுவது குஷன் வேலைக்காரரின் கைத்தொழில். அதை அவரிடமே ஒப்படையுங்கள். வீட்டில் செய்யக்கூடியது, கைப்பிடிகளையும் முதுகையும் போர்த்தும் தளர்ந்த மேலுறை. ஒரு பழைய வேட்டியை உள்பக்கம் வெளியே தெரியுமாறு சோபாமேல் போர்த்தி, மூலைகளில் குண்டூசி குத்தி, அந்த வடிவத்தை வெட்டியெடுத்தால் அதுவே அளவுத் துணி. இருக்கையும் முதுகும் சந்திக்கும் இடுக்கில் செருகுவதற்கு மட்டும் 6 அங்குலம் கூடுதலாக விடுங்கள். அது இல்லையென்றால் ஒவ்வொருவர் எழுந்திருக்கும்போதும் உறை கூடவே எழுந்து வரும்.

தைத்த உறைகளை எப்படிப் பராமரிப்பது?

மாதம் ஒருமுறை கழற்றி உதறி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, ஜிப்பை மூடிவிட்டுத் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். நேர்வெயிலில் காய்ந்தால் ஒரே சோபாவின் உறைகள் வெவ்வேறு சாயலுக்கு வெளுத்துவிடும். இதே காரணத்தால் ஓர் உறை மட்டும் அழுக்கானாலும் எல்லாவற்றையும் சேர்த்தே துவைக்க வேண்டும். எண்ணெய்க் கறை பட்டால் உடனே அரிசி மாவைத் தூவி ஒரு மணி நேரம் விட்டுத் தட்டிவிட்டுப் பிறகு சோப்பு போடுங்கள். தைத்து மிஞ்சிய துணியில் ஒரு முழமாவது துண்டை எடுத்து, உறைகளைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்துத் துவைத்து வையுங்கள். பின்னாளில் கிழிசலுக்கு ஒட்டுப் போடும்போது நிறம் மாறாமல் பொருந்தும்.